கோணல் சக்கரம்

திருவண்ணாமலைக்காரனுக்குச் சக்கரத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகைத் தீப உற்சவத்தின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதிகளைச் சுற்றி வருவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் அவன். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள். சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்கள் இழுப்பார்கள். அண்ணாமலையாரின் பெரிய தேருக்கு ஊரே வடம் பிடிக்கும். கூட்டமெல்லாம் மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நான் கீழே பார்ப்பேன். சக்கரத்தின் ஓரத்தில் முட்டுக்கட்டையும் கையுமாக நடந்து வருகிறார்களே, அந்த மனிதர்களைத்தான் எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சு அசையாது. ஒரு பக்கச் சக்கரத்தின் கீழே கட்டையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முந்தும், தேர் மெல்ல முகத்தைத் திருப்பும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டால் அடுத்த சக்கரத்துக்கு ஒரு கட்டை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையில் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அங்கே முட்டுக்கட்டைக்கு வேலை போய்விடவில்லை.

தேரில் ஒரு சௌகரியம் உண்டு. அது நம்முடைய நடையைவிட மெதுவாகப் போகிறது. சக்கரம் அரை முழம் விலகினால் பார்த்துவிட்டுச் சத்தம் போட ஆள் இருக்கிறது, கட்டை போட ஆள் இருக்கிறது. மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகிற காருக்கு அப்படி யாரும் கூட ஓடிவர முடியாது. அதன் சக்கரக் கோணலைப் புறப்படுவதற்கு முன்பே திருத்தியாக வேண்டும். அதுவும் அரை முழக் கோணல் அல்ல, கண்ணுக்கே தெரியாத அரை டிகிரிக் கோணல். வீல் அலைன்மென்ட், வீல் பேலன்சிங் என்று பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் போர்டு போட்டிருக்கிறார்களே, அந்தச் சமாசாரம்தான்.

எனக்கு இதில் அக்கறை வந்தது என் அக்கா மகனால்.

அக்காவின் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்புறம் இருக்கிறது. பையனுக்குப் பெங்களூரில் உத்தியோகம். நல்ல சம்பளம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இரண்டாம் கையாக வாங்கிவிட்டான். என்ன கம்பெனி வண்டி என்பது இங்கே அவசியமில்லை. மஞ்சள் நிறம், முன்பக்கம் நீண்டு, கூரை தாழ்ந்து, தரையோடு தரையாகக் கிடக்கும். முதல் நாள் அதைத் தெருவில் நிறுத்தியபோது எதிர் வீட்டுக்காரர், வண்டி சாக்கடைப் பள்ளத்தில் இறங்கிவிட்டதென்று நினைத்துத் தூக்கிவிட ஓடி வந்தார். அக்கா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏண்டா, மீதிப் பணத்தைக் கொடுத்தா மீதி வண்டியையும் கொடுப்பாங்களா?” என்று கேட்டாளாம்.

சனிக்கிழமை தோறும் அவன் அம்மாவைப் பார்க்க வருகிறான். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகச் சுமார் இருநூறு கிலோமீட்டர். அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு. அவன் புறப்பட்டதாகப் போன் வந்தது முதல் வாசலில் அந்த உறுமல் கேட்கிறவரை அவள் சாப்பிட மாட்டாள், படுக்கவும் மாட்டாள். “வண்டியை விக்கச் சொல்லுடா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான். நீ கதை எழுதறவன், நாலு வார்த்தை சேத்துச் சொல்லு” என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

நான் போய் உட்கார்ந்து, விற்பதைப் பற்றிப் பேசாமல், வண்டி எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேட்டேன். பிரியமானவளைப் பற்றிக் கேட்டால் எப்படியோ அப்படித்தான் இதுவும். பையன் முகம் மலர்ந்துவிட்டது. இன்ஜினைப் பற்றிச் சொன்னான், பிரேக்கைப் பற்றிச் சொன்னான். கடைசியில் போகிறபோக்கில், “தொண்ணூறுல ஸ்டியரிங் கொஞ்சம் நடுங்கும் மாமா. அது ஒண்ணுமில்ல. நூத்திப் பதினஞ்சு தாண்டினா அடங்கிடும். அதனால நான் அந்த இடைவெளியில நிக்கறதே இல்ல” என்றான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வண்டி நடுங்குகிறது, ஆகவே இன்னும் வேகமாக ஓட்டுகிறேன் என்கிறான்! இது இவன் ஒருவனுடைய கண்டுபிடிப்பு அல்ல. நெடுஞ்சாலையில் இளைஞர்கள் பலரும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். அனுபவத்தில் அது வாஸ்தவமாகவும் இருந்து தொலைக்கிறது. அதுதான் அதிலுள்ள ஆபத்து.

கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தோடு சேர்ந்து விரலால் தள்ளினாலே போதும், உத்தரம் வரை போகும். தாளம் தப்பி வேக வேகமாகத் தள்ளிப் பாருங்கள். கை வலிக்குமே தவிர ஊஞ்சல் அவ்வளவாக அசையாது. காரின் சக்கரமும் அதைத் தாங்குகிற ஸ்பிரிங்கும் கம்பிகளும் அப்படி ஓர் ஊஞ்சல். சக்கரத்தின் ஒரு பக்கம் சற்றுக் கனமாக இருந்தால் அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளுத் தள்ளுகிறது. தொண்ணூறு, நூறு கிலோமீட்டர் வேகத்தில் தள்ளும் தாளமும் ஊஞ்சலின் தாளமும் ஒன்றாகிவிடுகின்றன, ஸ்டியரிங் நடுங்குகிறது. வேகம் கூடினால் தாளம் தப்பிவிடுகிறது. கைக்கு நடுக்கம் தெரிவதில்லை. ஆனால் தள்ளுகிற பலம் குறையவில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு அது வளர்ந்துகொண்டே போகிறது.

ஒரு கணக்கு. பதினேழு அங்குல ரிம்மின் விளிம்பில் 40 கிராம் அதிகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோழிமுட்டையின் எடைகூட இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் அந்தச் சக்கரம் விநாடிக்குப் பதினான்கு தடவை சுற்றுகிறது. அப்போது அந்த 40 கிராம் சுமார் 7 கிலோ கனத்தோடு அச்சை இழுக்கிறது. கீழே, பின்னே, மேலே, முன்னே என்று விநாடிக்குப் பதினான்கு சுற்று. 130 கிலோமீட்டரில் அதே முட்டை 12 கிலோவாகிவிடுகிறது. நடுக்கம் ‘அடங்கிவிட்டது’ என்று பையன் சந்தோஷப்படுகிற வேகத்தில்தான் பேரிங்கும் டயரும் அதிகமாக அடிபடுகின்றன.

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. இரண்டு நிமிஷம் பார்த்தான். “சரி மாமா, காட்டிடலாம்” என்றான். அக்கா சொல்லச் சொன்ன நாலு வார்த்தைக்கு அவசியமே ஏற்படவில்லை.

வேலூர் ரோடு பக்கம் ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். கல்லாவில் உட்காராமல் கையில் மசியோடு நிற்கிற முதலாளி. வண்டியைப் பார்த்ததும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “நடுங்குதா, இழுக்குதா?”

“ரெண்டும்தான்” என்றான் பையன்.

“அப்ப ரெண்டு வியாதி தம்பி. ரெண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.”

இதைப் பலர் தெரிந்துகொள்வதில்லை. பேலன்சிங் என்பது ஒவ்வொரு சக்கரத்தின் சொந்த விவகாரம். அதை வண்டியிலிருந்து கழற்றி, மிஷினில் சுற்றவிட்டு, கனம் எங்கே கூடியிருக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கத்தில் சின்ன எடைத்துண்டு வைத்துச் சமன் செய்வது. அலைன்மென்ட் என்பது நான்கு சக்கரங்களுக்கும் உள்ள உறவு: ஒன்றோடொன்றும், வண்டியின் உடலோடும், தரையோடும் அவை எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது. ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் தங்கமானவர்களாக இருந்தும் சேர்ந்து வாழ முடியாமல் போவதுண்டு அல்லவா? பேலன்சிங் ஆன சக்கரங்களும் அப்படிக் கோணிக்கொண்டு நிற்கலாம்.

வண்டியை மேடைமேல் ஏற்றுவதே ஒரு வைபவமாகிவிட்டது. முன் உதடு தரையிலிருந்து நாலு விரற்கடைதான். சாதாரணமாக ஏற்றினால் உதடு கிழியும். கடைப் பையன்கள் இரண்டு நீளப் பலகைகளைக் கொண்டுவந்து சரிவாகப் போட்டு, பிரசவ ஆஸ்பத்திரியில் நடத்துவது போல அங்குலம் அங்குலமாக நடத்தினார்கள். அதற்கு முன் காற்றை அளந்தார்கள். இடது முன் டயரில் மற்றதைவிட ஐந்து பவுண்டு குறைவு. “இழுக்கிறதுல பாதி இதுதான்” என்று சொல்லிக் காற்றடித்தார் கடைக்காரர். அவரிடம் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். காற்றைப் பார்க்காமலே மிஷினைக் கட்டிப் பில் போடுகிற கடைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அவர் உள்ளே கைவிட்டு ஸ்டியரிங்கை வலது கோடிக்குத் திருப்பினார். குனிந்து இடது முன் டயரின் உட்புறத்தைப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து, “தம்பி, இங்க வாங்க” என்றார்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த டயரில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கோடுகள் ஆழமாக, புத்தம் புதிதுபோல இருந்தன. உட்புற ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. வழவழவென்று தேய்ந்து, அதற்கும் கீழே போய், டயருக்குள் நெய்திருக்கும் எஃகுக் கம்பிகள் நரைமயிர் போல ஓரிரண்டு வெளியே தலைகாட்டிக்கொண்டிருந்தன. இந்த டயரில்தான் அவன் முந்தின இரவு செங்கம் சாலையில் நூற்றிப் பதினைந்தைத் தாண்டி வந்திருக்கிறான். அந்தச் சாலையோரத்துப் புளியமரங்கள் என் கண்முன்னே வரிசையாக நின்றன.

பையன் ஒன்றும் பேசவில்லை. ஒரு கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு வெகு நேரம் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே நின்றான்.

இத்தனை தேய்மானம் எப்படி வந்தது? அதுதான் ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய கதை. முந்தைய சொந்தக்காரர் கோயமுத்தூர்ப் பக்கம் பந்தயத் தடத்துக்கு வண்டியை எடுத்துப்போய் ஓட்டுகிறவராம். தடத்துக்கு ஏற்றபடி கோணங்களை மாற்றி வைத்திருக்கிறார். பந்தயத்தில் வளைவுக்கு மேல் வளைவு. வேகமாக வளையும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும். வெளிச் சக்கரமும் அதோடு சாய்ந்துவிட்டால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தரையில் நிற்கும். அதனால் முன்கூட்டியே சக்கரத்தின் தலையை உட்பக்கமாகச் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். கேம்பர் என்பது அந்தச் சாய்வுதான். வளைவில் அந்தச் சக்கரம் நிமிர்ந்து முழுப் பாதத்தையும் ஊன்றும். இன்னொன்று டோ. மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சக்கரங்களின் மூக்குகளும் உள்நோக்கி இருக்கின்றனவா, வெளிநோக்கி இருக்கின்றனவா என்பது. மூக்கைக் கொஞ்சம் வெளியே திருப்பி வைத்தால் வண்டி வளைவுக்குள் ஆவலாகப் பாயும். நேர்ச்சாலையில் மட்டும் நிலைகொள்ளாமல் தவிக்கும். பந்தயத்தில் டயர் சில மணி நேரம் உழைத்தால் போதும். அங்கே அது நியாயமான பேரம்தான்.

ஊத்தங்கரைச் சாலை பந்தயத் தடம் அல்ல. இருநூறு கிலோமீட்டரில் பெரும்பகுதி நேராகப் போகிறது. உட்பக்கம் சாய்ந்த சக்கரம் அத்தனை தூரமும் உள்விளிம்பிலேயே நிற்கிறது. மூக்கு வேறு வெளிநோக்கி இருந்தால் அந்த விளிம்பு உருளுவதோடு உரசவும் செய்கிறது. மிஷின் காட்டிய கணக்குப்படி ஒவ்வொரு முன்சக்கரமும் அரை டிகிரி வெளியே திரும்பியிருந்தது. அரை டிகிரி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒரு கிலோமீட்டர் உருண்டால் சுமார் எட்டே முக்கால் மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கும். நம் ஊர்க் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒருவர் ஒவ்வோர் அடியையும் கொஞ்சம் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்து இழுத்து வைத்துக்கொண்டே மலையைச் சுற்றி வந்தால், முடிக்கும்போது நூற்றிருபது மீட்டர் தூரம் செருப்பைத் தரையில் தேய்த்திருப்பார். பெங்களூரிலிருந்து வேங்கிக்கால் வரைக்கும் இந்தக் கணக்குப்படி ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அது வாரம் ஒரு முறை, திரும்பிப் போகும்போது இன்னொரு முறை.

ஒரு மரச் சட்டத்தில் இரண்டு சக்கரத்தை நேராக மாட்டிவிட்டால் தீராதா என்றால், நான்கு சக்கர வண்டியில் அது தீராது. நம் மாட்டுவண்டிக்கு ஒரே அச்சு. மாடு திரும்பினால் வண்டி திரும்பிவிடும். நான்கு சக்கரக் கோச்சு வண்டிகளில்தான் தொல்லை ஆரம்பித்தது. வளைவில் உட்சக்கரத்தின் வட்டம் சிறியது, வெளிச் சக்கரத்தின் வட்டம் பெரியது. இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஒன்று உரசியே தீரும். உட்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பும்படியான ஓர் ஏற்பாட்டை மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் லாங்கன்ஸ்பெர்கர் யோசித்தார். 1818-ல் லண்டனில் அவருக்காகப் பேடண்ட் வாங்கியவர் ஆக்கர்மான் என்ற புத்தக, பட வியாபாரி. இன்றுவரை அந்த ஏற்பாட்டுக்கு ஆக்கர்மான் பெயர்தான் வழங்குகிறது. யோசித்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் பதிப்பாளன்! எழுத்தாளனாகிய எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கடைக்காரர் வேலையைப் பின்சக்கரங்களிலிருந்து ஆரம்பித்தார். பல கடைகளில் முன்சக்கரத்தின் டோவை மட்டும் திருகிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். பின்பக்கம் ஒரே அச்சாக இருக்கும் வண்டிக்கு அது ஒருவாறு போதும். இந்த மாதிரி வண்டியில் பின்சக்கரங்களும் தனித்தனியாகத் தொங்குகின்றன. இடது பின்சக்கரம் எந்தப் பள்ளத்தில் அடிபட்டதோ, உட்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. அது பின்பக்கத்தை வலது புறமாகத் தள்ள, முன்பக்கம் இடது புறமாக ஒதுங்க, பையன் ஸ்டியரிங்கைச் சதா வலப்பக்கம் சற்றுத் திருப்பியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். வண்டி நண்டுபோல நடந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு முன்சக்கரத்தை எவ்வளவு நேராக வைத்தாலும் பிரயோசனமில்லை. சாலைக்கும் இதில் பங்கு உண்டு: தண்ணீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருப்பதால், இடப்பக்கம் ஓட்டுகிற நம் வண்டிகள் எல்லாமே கொஞ்சம் இடது ஓரத்தைப் பார்த்துத்தான் நழுவும். அதை வியாதி என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களும் உண்டு.

“எப்பவும் தனியாத்தான் ஓட்டுவீங்களா தம்பி?” என்று கேட்டார் அவர்.

“பெரும்பாலும்.”

“அப்ப உள்ள உக்காருங்க. டேங்க்கு பாதி இருக்கு, அது போதும். பாரமில்லாம வச்ச கோணம் பாரம் ஏறினா மாறிடும்.” லேசான வண்டிகளில் ஓர் ஆளின் கனம்கூடக் கணக்குக்கு வரும், பந்தய வண்டிகளில் ஓட்டுநரின் எடையை இருக்கையில் வைத்துவிட்டுத்தான் கோணம் பார்க்கிறார்கள். பையனுக்கு அப்போது ஆபீசிலிருந்து போன் வந்துவிட்டது. அவன் எடையும் என் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கண்ணாலேயே தீர்மானித்து, கடைக்காரர் என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டார். முக்கால் மணி நேரம் நான் மூட்டையாக உத்தியோகம் பார்த்தேன். இருபது வருஷம் எழுதியதற்கு, என்னால் ஒருவருக்கு நேரடியாக உபயோகம் ஏற்பட்டது இது முதல் தடவையாக இருக்கலாம்.

நான்கு சக்கரங்களிலும் கண்ணாடித் தகடுகளை மாட்டி, எதிரே கேமராக்கள் அவற்றைப் பார்த்துத் திரையில் எண்களைக் காட்டின. தப்பானவை சிவப்பு, சரியானவை பச்சை. கீழே ஒருவர் படுத்துக்கொண்டு டை-ராடைத் திருக, சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையாவதைப் பார்ப்பது ஒரு தனி ஆனந்தம். கேமரா வந்ததால் கைவேலை மறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் பந்தயத் திடல்களில் வண்டியின் இருபுறமும் நூலைக் கட்டி, அளவுகோலை வைத்து டோ பார்க்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கொத்தனாரின் நூல்தான், கட்டுகிற கை நிதானமாக இருக்க வேண்டும்.

கேம்பரையும் அவர் முழுக்க நிமிர்த்திவிடவில்லை. கம்பெனி சொன்ன அளவில் கொஞ்சம் உட்சாய்வு இருக்கிறது, அதோடு விட்டார். “இது இந்த வண்டியோட குணம். அதை எடுத்துட்டா வளைவுல பிடிக்காது” என்றார். டோவை மட்டும் வீதிக்குத் தகுந்தபடி ஏறக்குறைய நேராக்கினார்.

அலைன்மென்ட் ஆயிற்று. பேலன்சிங்கில் ஒரு முடிச்சு விழுந்தது. இடது முன்சக்கரத்தை மிஷினில் சுற்றவிட்டபோது கனக்குறைவு மட்டுமல்ல, ரிம்மே நெளிந்திருப்பது தெரிந்தது. இந்த வண்டிகளின் டயர் அகலமானது. பக்கச்சுவர் குட்டையானது. அம்பாசடர் டயரைப்போல அடியை வாங்கி அமுங்கிக் கொடுக்க அதற்குச் சதை இல்லை. வேகத்தடையின் விளிம்பும் பள்ளத்தின் உதடும் நேரே ரிம்மில் இடிக்கின்றன. “எடை வச்சு மிஷின்ல பூஜ்யம் காட்டிடலாம் சார்” என்று கடைக்காரர் என்னிடம் சொன்னார். “மூக்குக் கோணலை மூக்குத்தி போட்டு மறைக்கிற மாதிரிதான். ரோட்டுல மறுபடி நடுங்கும்.”

ஆக, ஒரு ரிம்மும் இரண்டு டயரும் வேண்டும். அந்த அளவு டயர் திருவண்ணாமலையில் யாரிடமும் இல்லை. சென்னையிலிருந்து வர நாலு நாள் ஆகும். கம்பி தெரிகிற டயரோடு வண்டியை வெளியே விட முடியாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பையன் ஒரு முயற்சி செய்து பார்த்தான். “மெதுவா போயிடறேனே, அறுபதுக்கு மேல போக மாட்டேன்” என்றான். ரேஸ்காரர்கள் இதைவிட மோசமான டயரோடு ஓட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னான்.

அவன் நரேன் கார்த்திகேயனின் பக்தன். அதனால் அவன் பாஷையிலேயே பதில் சொன்னேன். 2005-ம் வருஷம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸில் நடந்த பந்தயம். பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் கோயமுத்தூர்ப் பிள்ளை நரேன்; அவருக்கு அது முதல் வருஷம். ஒரு குறிப்பிட்ட கம்பெனி டயர், சரிவாக உயர்த்திக் கட்டிய ஒரு வளைவில் தாங்காது என்று பயிற்சியின்போதே தெரிந்துவிட்டது. இருபது கார்கள் புறப்பட்டு ஒரு சுற்று வந்தன. அதில் அந்த டயர் போட்டிருந்த பதினான்கு கார்களும் பந்தயம் ஆரம்பிக்கு முன்பே ஒதுங்கிக் கொட்டகைக்குள் போய்விட்டன. வேறு டயர் போட்டிருந்த ஆறே கார்கள் ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஜனங்கள் அதைக் கேலி செய்தார்கள். ஆறு பேரில் நான்காவது என்றார்கள். எனக்கு அந்த ஆறு பேரைவிட ஒதுங்கிய பதினான்கு பேர் முக்கியமாகப் படுகிறது. உலகத்திலேயே துணிச்சலான ஓட்டுநர்கள்; கோடிக்கணக்கான பணம்; காசு கொடுத்து வந்து கூச்சலிடும் கூட்டம். அவ்வளவு இருந்தும், நம்ப முடியாத டயரின் மேல் ஒரு சுற்றுக்கூட வேகமாகப் போக மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள்.

பையன் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு மறுநாள் காலை பஸ் ஏறினான்.

நாலாம் நாள் டயர் வந்தது. சனிக்கிழமை நானும் அவனோடு கடைக்குப் போனேன். புது ரிம்மில் டயரை ஏற்றி, சுற்றவிட்டு, உள்விளிம்பில் ஒன்று, வெளிவிளிம்பில் ஒன்று என்று ஒட்டுகிற எடைத்துண்டுகளை வைத்தார்கள். அகலமான சக்கரத்துக்கு ஒரு விளிம்பில் மட்டும் வைத்தால் போதாது. மேலும் கீழும் குதிப்பது நிற்கும், பக்கவாட்டில் ஆடுவது நிற்காது. பழைய பழக்கத்தில் அவற்றை ஈயம் என்றே சொல்கிறார்கள். ஐரோப்பாவில் கார்களுக்கு 2005 முதல் ஈயத் துண்டு கூடாது என்று சட்டம் செய்துவிட்டதால் துத்தநாகமும் இரும்பும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. பெயர் மட்டும் நம் ஊரில் மாறவில்லை.

பில்லைப் பார்த்தபோது ஒரு வேடிக்கை தோன்றியது. இரண்டு டயரின் விலை, ஒரு நாவலுக்கு எனக்குக் கிடைக்கிற முன்பணத்தைவிட அதிகம். அவற்றைக் காப்பாற்றக்கூடிய அலைன்மென்ட்டுக்கும் பேலன்சிங்குக்கும் ஆன கூலியோ, நாலு பேர் ஓட்டலில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிற செலவு. வண்டி வாங்கியதும் பையன் பாட்டுப் பெட்டிக்குச் செலவழித்ததில் இது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பெட்ரோல் மிச்சமாகும் என்று கடைப் போர்டில் போட்டிருக்கிறார்கள். ஆகும், கொஞ்சம். உரசிக்கொண்டு போகாத சக்கரம் இலேசாகத்தான் உருளும். ஆனால் அந்தச் சில்லறைக் கணக்கைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, உள்விளிம்பில் கம்பி தெரிகிற சங்கதியைப் போர்டில் போடாமல் விட்டுவிட்டார்களே என்பது என் குறை.

போளூர் பக்கமாகக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தோம். முழங்கால் மூக்கில் இடிக்கிற மாதிரி நான் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்திருந்தேன். எழுபது, எண்பது. தொண்ணூறு வரும்போது என்னையறியாமல் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டியரிங் அவன் கையில் தூங்குகிற குழந்தை மாதிரி இருந்தது. நேர்ச்சாலையில் நடுவிலுள்ள முத்திரையும் நேராக நின்றது. தொண்ணூறிலேயே சிறிது தூரம் போனான். அதைத் தாண்டி ஓட அவனுக்கு இப்போது அவசியம் இல்லை. “மாமா, இத்தனை நாளா இந்த வேகத்துல இந்த வண்டியை நான் ஓட்டினதே இல்ல” என்றான்.

எதிரே ஒரு பஸ் நம் பாதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தது. இடது ஓரத்துக்கு ஒதுங்கி, மண்ணில் இரண்டு சக்கரம் இறங்கி, மறுபடி தாரில் ஏறினோம். வண்டி வளையவில்லை, அலையவில்லை. ஏறிய இடத்திலிருந்து நேராகப் போயிற்று. அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நான் கவனித்தேன்.

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். விற்கச் சொல்லத்தானே உன்னைக் கூப்பிட்டேன் என்பது அவள் பார்வையில் இருந்தது. பையன் பழைய டயரைக் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தான். அதை ஒளிக்காமல் திண்ணையில் சாய்த்து, உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். அவள் கம்பிகளைப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது, ரத்தக் கொதிப்புக்காரி. அவள் திட்டவில்லை, அழவுமில்லை. “இது மறுபடி எப்ப பாக்கணும்?” என்று மட்டும் கேட்டாள்.

“பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை. இல்லாட்டி ஆறு மாசம். பெரிய பள்ளத்துல விழுந்தா அன்னிக்கே.”

அவள் உள்ளே போனாள். சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது; காஸ் சிலிண்டர் வந்த தேதி, பால் நிறுத்திய நாள், மாத்திரை வாங்க வேண்டிய நாள் எல்லாம் அதில்தான். ஆறு தாள்களைப் புரட்டி, ஒரு சனிக்கிழமையைத் தேடிப் பிடித்து, பென்சிலால் ‘சக்கரம்’ என்று எழுதினாள். பிறகு யோசித்து, அதற்கு முந்தின சனிக்கிழமைக்கு மாற்றி எழுதினாள்.